பத்து மணி நாற்பது நிமிடம்

அவரிடம் மணி கேட்டால் உடனே பதில் வராது. சுவரில் ஒரு கடிகாரம், கையில் ஒரு கடிகாரம், இரண்டையும் பார்ப்பார். பிறகு, "ஒம்பது நாப்பத்தி ரெண்டு. ரெண்டு ஆயி கொஞ்சம் ஆவுது" என்பார். பத்தாகப் போகிறது, ஒன்பதரை இருக்கும் என்றெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ் எந்த ஊருக்கு என்று கேட்பது போல் அவசரமாக மணி கேட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பாதிப் பேர் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகும் முழுமையாகச் சொல்லி முடிப்பார்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அவர் நேரக் காப்பாளர். எல்லோருக்கும் டைம்கீப்பர் சார். ஆள் நுழைந்தால் நாற்காலியை நகர்த்த முடியாத அளவுக்கு ஒரு அறை. அதில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். வந்துபோகும் பஸ்களின் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அந்த ஜன்னலில் தாளை நீட்டுவார்கள். வண்டி வந்த நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் தாளிலும் தன் குறிப்பேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தொண்ணூறுகளின் பின்பாதியில், நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் நான் கடை வைத்திருந்தேன். பட்டுப் புடவைகளுக்குக் கரையும் முந்தானையும் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. ஊரில் அப்போது அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் சிலர்தான். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் ஜன்னல் தெரியும்.

அவரைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது புகாராகத்தான். ஐயம்பேட்டை வண்டி ஓட்டும் ஒருவர் தேநீர்க் கடையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். பெருமாள் புறப்பாட்டுக் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் தாமதம். அந்த மாதத்தில் அவருக்கு அது மூன்றாவது தாமதம், மெமோ வரும். அஞ்சு நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். டைம்கீப்பர் பன்னிரண்டு என்றே எழுதிவிட்டார். கல்நெஞ்சக்காரர் என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம்.

மறுவாரம் இன்னொரு செய்தி வந்தது. அன்று பணி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பணிமனைக்குப் போயிருக்கிறார். புறப்பாடு எந்தத் தெருவை எத்தனை மணிக்கு அடைத்தது, அதே நேரத்தில் வந்த மற்ற மூன்று வண்டிகள் எவ்வளவு தாமதம் என்று தன் குறிப்பேட்டை மேலாளர் முன்னால் விரித்துக் காட்டியிருக்கிறார். மெமோ வரவில்லை. ஓட்டுநர் வந்து, "இதுக்கு அப்பவே மாத்தி எழுதியிருக்கலாமே சார்" என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அந்த ஓட்டுநரே எனக்குச் சொன்னார்.

"நேரத்த மாத்தி எழுதினா ஊர்வலம் வந்ததே இல்லன்னு ஆயிடும் பா. அப்புறம் உன் பக்கம் பேச என்கிட்ட இன்னா இருக்குது?"

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது கட்டம் போட்ட கிராஃப் தாளால். ஒரு நாள் மதியம் மாடியேறி வந்து, புடவை டிசைன் போடுகிற பெரிய தாள் ஒரு சுருள் கிடைக்குமா என்று கேட்டார். என்ன புடவைக்கு என்றேன். "புடவை இல்லபா, ஒரு நட்சத்திரத்துக்கு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றுப் பாத்திரம் வைத்திருந்த பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். பக்கம் பக்கமாக எண்கள். இடது பக்கம் மணி, நிமிடம், நொடி. வலது பக்கம் வெளிச்சத்தின் அளவு.

அப்போதுதான் அவர் கதை கொஞ்சம் தெரிந்தது. முசரவாக்கம் காலனியில் பிறந்தவர். அவர் அப்பாவின் அப்பா காலம் வரை பிறர் நிலத்தில் கூலிவேலை. அப்பா பணிமனையில் வண்டி கழுவுகிற வேலைக்கு வந்தார். பையன் இயற்பியலில் முதுகலை முடித்த வருடம் அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோக, வாரிசு என்ற முறையில் இவருக்கு இந்த நேரக் காப்பாளர் வேலை வந்தது. வேலையை விடவும் முடியவில்லை, படிப்பை விடவும் மனமில்லை. சென்னையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார். லீவு நாட்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, வருடத்தில் சில இரவுகள் மலை மேல் இருந்த ஒரு வானாய்வகத்துக்குப் போய்வந்தார்.

அவர் பார்த்தது ஒரே ஒரு நட்சத்திரம். சிவப்புக் குள்ளன் என்று அந்த வகைக்குப் பெயர். நம் சூரியனைவிடச் சிறியது, சூடு குறைந்தது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அவருடைய நட்சத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் குள்ளன்களில் சில ஒரு நாளைக்குள் சுற்றி முடித்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதன் உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கின்றன, அந்த இடங்களில் வெளிச்சம் குறைவு என்றார். புள்ளி உள்ள பக்கம் நம் பக்கம் திரும்பும்போது நட்சத்திரம் துளி மங்கும். அந்தப் பக்கம் போனதும் பழையபடி ஆகும். மங்கல் எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால் சுற்றும் நேரம் கிடைத்துவிடும்.

"அங்க போயும் டைம்கீப்பர் வேலைதானா சார்?" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

அதிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டர் அவருடையதானது. தானே எழுதிய ஒரு புரோகிராமை அதில் ஓட்டுவார். சுற்றும் நேரம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் அவர் அளந்து குறித்த புள்ளிகள் எல்லாம் ஒரே வளைகோட்டில் உட்காருகின்றனவா என்று அது ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றிப் பார்க்கும். முடிவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அவர் சோறு தின்பார், ஜன்னல் வழியாகப் பேருந்துகளைப் பார்ப்பார். மதியம் வேறொருவர் பணியில் இருந்தாலும், ஒரு வண்டி உள்ளே நுழைந்தால் அவர் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும்.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு முறை அவருடைய புள்ளிகளைப் பெரிய தாளில் அழகாக அச்சடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். வளைகோடு ஏறி இறங்கி நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட இரவின் புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டு விலகித் தொங்கின. பார்க்க அசிங்கமாக இருந்தது. கரையில் ஒரு கட்டம் பிசகினால் சரிசெய்வதுதான் என் தொழில். அந்த நினைப்பிலேயே நாலைந்து புள்ளிகளைப் பிடித்துக் கோட்டுக்குள் உட்கார வைத்துவிட்டேன். அவர் மகிழ்வார் என்றுதான் செய்தேன்.

தாளை விரித்துப் பார்த்தார். விரலை அந்த இடத்தில் வைத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"அது என் புள்ளி இல்லபா. நட்சத்திரத்தோடது. நானே தொட மாட்டேன்."

திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். பத்து நாள் அவர் மாடியேறவில்லை. பதினோராம் நாள் வந்து, எதுவும் நடக்காததுபோல் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். ஆனால் நான் செய்த அந்த வேலை அவரை யோசிக்க வைத்திருந்தது. ஒரே இரவின் புள்ளிகள் மட்டும் ஏன் அப்படி விலகி நிற்க வேண்டும்? அந்த இரவில் மட்டும் என்ன விசேஷம்? குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். மற்ற இரவுகளில் அவர் அந்த நட்சத்திரத்தைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், ஒரு மணி நேரம்தான் பார்த்திருந்தார். பிறகு மற்றவர்களுக்குத் தொலைநோக்கியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஒரு இரவில் அடுத்து வரவேண்டியவர் வராததால் நாலு மணி நேரம் பார்த்திருந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய பேராசிரியர் பதினோரு வருடம் முன்பே இதே நட்சத்திரத்தை ஆராய்ந்து, அது சுற்ற எடுக்கும் நேரம் பத்தொன்பது மணி பன்னிரண்டு நிமிடம் என்று கட்டுரை எழுதியிருந்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை. இவருடைய ஆராய்ச்சி முழுவதும் அதன் மேல்தான் நின்றது. அந்த நேரமே தவறாக இருக்கலாம் என்று இப்போது இவருக்குச் சந்தேகம்.

எனக்குப் புரியவில்லை. தேநீர்க் கடை வாசலில் நின்றபடி அவர் விளக்கியதை இப்போதும் மறக்கவில்லை. கோயிலின் நாலு வீதியையும் ஒருவர் சுற்றிச் சுற்றி நடக்கிறார் என்று வைத்துக்கொள். நீ தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறாய். இன்று கிழக்கு வீதியில் இருக்கிறார், நாளை தெற்கில், அடுத்த நாள் மேற்கில். ஒரு நாளைக்கு ஒன்றேகால் சுற்று நடக்கிறார் என்று நீ முடிவு கட்டலாம். ஆனால் அவர் இரண்டேகால் சுற்று நடந்தாலும் உன் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். பார்க்காத நேரத்தில் ஒரு முழுச் சுற்று ஒளிந்துகொண்டிருக்கும். ஒன்றேகால் சுற்று என்றால் ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது மணி பன்னிரண்டு நிமிடம். இரண்டேகால் என்றால் பத்து மணி நாற்பது நிமிடம்.

"அப்போ எது சரி?" என்றேன்.

"தெரியல. ஒரு முழு ராத்திரி கண்ண எடுக்காம பாத்தாதான் தெரியும்."

பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். அவர் கோபப்பட்டார். அந்த ஒரு இரவில் மெல்லிய மேகம் ஏதாவது இருந்திருக்கும், அதை நீக்கிவிட்டு எழுது, மூன்று மாதத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்றார். பேராசிரியர் கெட்டவர் இல்லை; வயதானவர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுச் சாப்பாட்டைப் போட்டு இவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதனால்தான் இவருக்கு வாய் எழுவது கடினமாக இருந்திருக்க வேண்டும். இருந்தும், அன்று மேகம் இல்லை, நான் அங்கே இருந்தேன் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்று பேராசிரியர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் தன் அறையில் இருந்தார். நடுவில் மூன்று வண்டிகள் வந்தன. மூன்றுக்கும் நேரம் எழுதினார். ஆறு வருட லீவு, ஆறு வருடச் சேமிப்பு. செவிலியராக வேலை பார்த்த அவர் மனைவி அந்த ஆறு வருடமும் பண்டிகைக்குக்கூட இவரை வீட்டில் பார்த்ததில்லை. நாலைந்து புள்ளிகளை நீக்கினால் போதும், முனைவர் என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் புள்ளிகளை ஏற்கெனவே ஒரு முறை நகர்த்தியவன் நான். இப்போது நீக்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மனைவியிடம் கேட்டாராம். இன்னும் ஒரு குளிர்காலம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாராம் அவர்.

ஜனவரியில் நான்கு இரவுகள் ஏற்கெனவே இவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் அதை ரத்து செய்யவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று கடைசி வரை தெரியாது. பொங்கல் நேரம், வண்டிகள் நிரம்பி வழியும் சமயம், லீவு கிடைக்காது. இவருக்காக இரட்டைப் பணி பார்க்க ஒருவர் முன்வந்தார். அது ஐயம்பேட்டை ஓட்டுநரின் மைத்துனர், அதே நிலையத்தில் இன்னொரு நேரக் காப்பாளர்.

முதல் மூன்று இரவும் மலை மேல் மேகம். நான்காவது இரவு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. நட்சத்திரம் கிழக்கே ஏறியதிலிருந்து மேற்கே சாயும்வரை எட்டு மணி நேரம் அவர் அதை மட்டும் பார்த்தார். மறுநாள் மதியம் பேருந்தை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல், மழிக்காத முகத்தோடு என் மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், கையால் போடலாம் என்றார். அவர் எண்களை வாசித்தார், நான் தாளில் புள்ளி வைத்தேன். முதலில் மங்கலாக இருந்தது. ஏறியது. உச்சிக்குப் போனது. பிறகு இறங்கத் தொடங்கி, காலைக்குள் மறுபடி மங்கலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பத்தொன்பது மணி நேரத்தில் சுற்றுகிற ஒன்று எட்டு மணி நேரத்தில் ஏறி இறங்கி முடிக்க முடியாது.

கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நான் நிமிர்ந்தேன். அவர் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

அந்த இரவின் எண்கள் அனைத்தையும் பிரதி எடுத்துப் பேராசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். உடன் வைத்த கடிதத்தில் வாதம் எதுவும் இல்லை. எந்த நேரம் தொடங்கினேன், எந்த நேரம் முடித்தேன், காற்று எப்படி இருந்தது என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு மாதம் பதில் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் சென்னை வண்டியிலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இறங்கி, நேரக் காப்பாளர் ஜன்னல் முன்னால் போய் நின்றதை என் மாடியிலிருந்து பார்த்தேன். இவர் எழுந்து நின்றார். அன்று நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். பேராசிரியர் முதலில் கேட்டது, தான் வந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்றுதான். இவர் குறிப்பேட்டைப் பார்த்து, "பதினொன்னு ஏழு சார். ஏழு நிமிசம் லேட்டு" என்றிருக்கிறார்.

இருவரும் மாடியேறி வந்தார்கள். பேராசிரியர் தன் பழைய குறிப்புகளைக் கொண்டுவந்திருந்தார். என் கம்ப்யூட்டரில் அவற்றை இரண்டு நேரங்களுக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பொருந்தின. பிறகு அந்த நீண்ட இரவைச் சேர்த்து ஓட்டினார்கள். பத்தொன்பது மணி பன்னிரண்டு சிதறிப்போனது. பத்து மணி நாற்பது அப்படியே நின்றது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதினோரு வருஷமா தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

"நீங்க தப்பாப் பாக்கல சார்" என்றார் இவர். "உங்க ஒரு புள்ளிகூடத் தப்பு இல்ல. உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் குடுத்தாங்க."

பேராசிரியர் எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார். திருத்தத்தைத் தானே கட்டுரையாக எழுதி, முதலில் மாணவர் பெயரையும் பின்னால் தன் பெயரையும் போட்டு அனுப்பினார். இவருக்கு மின்னஞ்சல் கிடையாது, ஆய்வுக்கூட முகவரியும் கிடையாது. அதனால் தொடர்பு முகவரியாக என் கடை முகவரி அச்சேறியது. உலகத்தில் விண்மீன் ஆராய்கிறவர்கள் படிக்கிற ஒரு பத்திரிகையில், புடவை டிசைன் கடை ஒன்றின் முகவரி.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். சென்னைக் கல்லூரி அரங்கில் பேராசிரியர்களும் மாணவர்களுமாக முப்பது பேர் இருந்திருப்பார்கள். பின்வரிசைகளில் நாங்கள்: நான், அவர் மனைவி, பணி மாற்றிக்கொண்டு வந்த ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பணிமனை மேலாளர். நேராகப் பணியிலிருந்து வந்த இரண்டு பேர் காக்கிச் சட்டையோடு இருந்தார்கள். வாசலில் இருந்தவர் இது வேறு நிகழ்ச்சி என்று அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். பேராசிரியரே எழுந்து போய் உள்ளே அழைத்து வந்தார்.

அவர் பேசியதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒரு கேள்வி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அந்த நட்சத்திரத்தில் இருப்பது ஒரே பெரிய கரும்புள்ளியா, பல சிறிய புள்ளிகளின் கூட்டமா என்று கேட்டார். ஓட்டுநர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்" என்றார் இவர். "நமக்கு வர்றது மொத்த வெளிச்சம் மட்டும்தான். ஒண்ணா இருந்தாலும் கூட்டமா இருந்தாலும் இதே வளைகோடு வரலாம். நான் பாத்ததை வெச்சு அதைச் சொல்ல முடியாது."

தேர்வாளர் பேனாவை மூடினார். இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் சொன்னவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இனிக் கேட்க எதுவும் இல்லை என்றார். முடிந்துவிட்டது என்று அறிவிப்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. மறுநாள் காலை முதல் பணிக்கு அவர் ஜன்னலில் இருந்தார். ஓட்டுநர்கள் தாளை நீட்டும்போது டாக்டர் சார் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்காமல் நேரம் எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த ஓர் ஊர்க் கல்லூரியில் அவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. போனார். பேருந்து நிலையத்தில் வேறொருவர் வந்தார். ஊரில் கம்ப்யூட்டர்கள் பெருகின. என் கடைக்குப் போட்டியாக நாலு கடைகள் வந்தன.

அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகு என் கடைக்கு வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய ஒரு உறை வந்தது. அவர் பெயருக்கு, என் முகவரியில். பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, கடையை மதியமே பூட்டிவிட்டு, பேருந்து ஏறினேன். கல்லூரி முடிந்து அவர் வீட்டு வாசலில் மிதிவண்டியை நிறுத்தும்போது போய்ச் சேர்ந்தேன். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. உறையை அங்கேயே பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். தூரதேசத்து ஆய்வாளர் ஒருவர் பெரிய தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தைப் பல வாரங்கள் பார்த்திருக்கிறார். சுற்றும் நேரம் பத்து மணி நாற்பது நிமிடம்தான், நீங்கள் சொன்னதில் சில நொடிகள்கூட விலகவில்லை என்று எழுதியிருந்தார்.

ஆனால் அவர் கவனம் கடிதத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தது. அங்கே ஒரு சிறு வரைபடம். அவர் காலத்தில் ஒரு மங்கல் இருந்த சுற்றில் இப்போது இரண்டு மங்கல்கள், இரண்டும் வேறு இடத்தில்.

"புள்ளி எடம் மாறிக்கினு இருக்குது பா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் வாய்மொழித் தேர்வு நாளில்கூடப் பார்த்ததில்லை. "நான் பாத்த புள்ளி போயிடுச்சு. புதுசா வந்துருக்குது." மனைவியைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருவரும் பிடித்து உட்கார வைத்தார்கள்.

திரும்பி வரும் பேருந்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாகறலுக்குப் போகிற ஒரு விவசாயி. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரம், நாலு வீதி, எட்டு மணி நேரம், வெளிநாட்டுக் கடிதம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் இறங்க வேண்டிய இடம் நெருங்கியபோது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு இன்னா ஒறவு அவரு?"

நான் கைத்தறிக்காரர் தெருவில் பிறந்தவன். அவர் முசரவாக்கம் காலனி.

"எங்க அண்ணன்" என்றேன்.